அது வேறை

“இனித் தாளைத் திருப்பலாம்” என்று தில்லையம்பலம் ஆங்கிலத்தில் சொன்னதும் மண்டபத்தில் இருந்த அத்தனை தாள்களும் ஒன்றாகப் புரண்டன, அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும், எத்தனையோ வருடமாகப் பிடிக்கும், ஏனென்றால் லண்டனின் வடமேற்கு மூலையில் இருக்கிற இந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் சொன்ன சொல்லுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிகிற இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் அவர் மிஸ்டர் தில். தில்லையம்பலம் என்ற பெயரை முதல் நாளே யாரோ வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, முடியாது என்று பாதியைத் துப்பிவிட்டார்கள், அவரும் சிரித்துக்கொண்டே மிச்சப் பாதியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இந்த மண்டபத்தில் மட்டும் அவர் முழு மனிதர். ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பூப்பந்துக் கோடுகள் கீறிய தரையில், கைகளைப் பின்னால் கட்டியபடி, வரிசைக்கு வரிசை நடந்துகொண்டிருந்தார். தரைக்குப் பூசிய மெழுகு மணத்தது. இரசாயனவியல் தாள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் எல்லாம் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களில் ஒரு பிள்ளையின் எழுத்தை மட்டும் அவர் இன்னும் போடவில்லை. இன்று பள்ளி விடுவதற்குள் போட்டாக வேண்டும். முன்மேசையில் மடிகணினி திறந்தபடி இருக்கிறது, சாருகா தவரூபன் என்ற பெயருக்கு எதிரே ஒரு வெறும் கட்டம், அதற்குள் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கிறது. மின்னட்டும். அவர் கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

இந்த நாட்டில் இது ஒரு விசித்திரமான வழக்கம். பிள்ளை சோதனை எழுதுவதற்குப் பல மாதங்கள் முன்னமே, ஏ, பி, சி என்ற தர எழுத்துகளில் இந்தப் பிள்ளை இன்ன எழுத்துத்தான் எடுக்கும் என்று ஆசிரியர் சோதிடம் சொல்ல வேண்டும், அந்தச் சோதிடத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைக்கும். மருத்துவத்துக்கு மூன்று ஏ வேண்டும். ஒரு பி இருந்தால் அவர்கள் பிள்ளையின் கட்டுரையைக்கூட வாசிக்க மாட்டார்கள். சாருகாவுக்கு உயிரியலில் ஏ போட்டாயிற்று, கணக்கிலும் ஏ, அந்த இரண்டு பேரும் வெள்ளைக்கார ஆசிரியர்கள், யோசிக்காமல் போட்டுவிட்டார்கள். மூன்றாவது எழுத்து தில்லையம்பலத்தின் கையில். கோடைக்கு முன் வைத்த சோதனையில் அவள் எடுத்தது பி, ஏ-க்குக் கொஞ்சம் கீழே. அதே அளவு கொஞ்சம் கீழே எடுத்த இன்னொருவன் அவளுக்குப் பக்கத்து மேசையில்தான் இருக்கிறான், தியோ தோர்ன்டன், ஆங்கில அரிச்சுவடி ஒழுங்கில் தவரூபனுக்கு அடுத்தது தோர்ன்டன் வருகிறது. தியோவுக்கு அவர் போன கிழமையே ஏ போட்டுவிட்டார். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை, அதற்கு ஒரு தத்துவமே வைத்திருக்கிறார். தியோ படிப்பதில்லை. படிக்காமலே இவ்வளவு எடுக்கிறான் என்றால் படித்தால் எவ்வளவு எடுப்பான், மேலே போக இடம் இருக்கிறது. சாருகா விழுந்து விழுந்து படிக்கிறாள், ஒவ்வொரு வீட்டுப்பாடத்தையும் இரண்டு தரம் செய்கிறாள், மதிய இடைவேளையில் ஆய்வுகூட வாசலில் வந்து நிற்கிறாள், இவ்வளவும் செய்து இவ்வளவுதான் என்றால் அவளுடைய கூரை அங்கேதான் இருக்கிறது. நல்ல தத்துவம். படிக்காதவனுக்கு நம்பிக்கை, படிக்கிறவளுக்குக் கூரை. அதை இப்படி நேராகச் சொல்லிப் பார்த்தபோது அவருக்கே சற்று வியர்த்தது, ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டு வந்தார்.

இல்லை, அநியாயம் ஒன்றும் இல்லை, கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கஜனின் கதை யாருக்குத் தெரியாது. கஜன் என்று ஒரு பெடியன், எங்கட பெடியன், துருதுரு என்று இருப்பான், அவனுக்கு மனம் இளகி ஓர் எழுத்து உயர்த்திப் போட்டார், அவன் கடைசிச் சோதனையில் கவிழ்ந்து இரண்டு எழுத்துக் கீழே போனான், செப்டெம்பர்க் கூட்டத்தில் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்க, பிரிவுத் தலைவி மிஸ் டோபின் திரையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: உங்கள் கசினா? பகிடிதான். நல்ல மனிசி, மனதில் ஒன்றும் இல்லாமல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தில்லையம்பலம்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார், பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார். உங்கள் கசினா. அவள் அன்று மாலையே மறந்திருப்பாள். இவர் மறக்கவில்லை, இவருக்கு அது பல்லுக்குள் அகப்பட்ட தும்பு மாதிரி, நாக்கு அங்கேதான் போகும். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் ஒரு சொல் தமிழ் பேசுவதில்லை. நடைபாதையில் எங்கட பிள்ளைகள் “வணக்கம் சேர்” என்றால் “குட் மோர்னிங்” என்பார். தமிழ்ப் பெயரைக் கண்டால் விடைத்தாளை இரண்டாம் தரம் திருத்துவார், கூட்டுவதற்கு அல்ல. அதற்குப் பெயர் நேர்மை என்று வைத்திருக்கிறார். நேர்மைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, யாருடைய தலையில் வேண்டுமானாலும் வைத்து அரைக்கலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை இருமியது. தில்லையம்பலம் நின்று பார்த்தார், பிறகு நடந்தார். யோகமலர், அதுதான் சாருகாவின் தாயின் பெயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றாள். விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் வேலை, அங்கே தலைக்குப் போடுகிற வலைத்தொப்பியின் தழும்பு நெற்றியில் அப்படியே இருந்தது, வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் பயத்தம் பணியாரம் ஒரு டப்பா. வீடு எப்படித் தெரியும், யார் சொன்னது, இந்த ஊரில் ஒரு தமிழனின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மரக்கறிக் கடையில் கேட்டால் போதும். “சேர், நான் ஒண்டும் கேக்க வரேல்ல. ஒருக்கா உங்களைப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்” என்றாள். ஒன்றும் கேட்க வராதவள் எதற்குப் பணியாரத்தோடு வருகிறாள். அவர் அவளை உள்ளே கூப்பிட்டார், இருக்கச் சொன்னார், அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள், அவருடைய மனைவி வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா நான் எல்லாப் பிள்ளையளையும் ஒரே மாதிரித்தான் பாக்கவேணும், விளங்குதோ?” என்றார் அவர். “ஓம் சேர், அது எனக்கு விளங்காதே? அவளின்ர அப்பா முள்ளிவாய்க்காலோட இல்லை. எனக்கும் இங்கிலீஸ் வராது. எனக்கு ஆரைத் தெரியும், சேர்? மற்ற ரெண்டு ரீச்சர்மாரும் வெள்ளையள், அவைக்கு எங்கட கஷ்டம் விளங்குமோ எண்டு பயந்து கொண்டிருந்தனான். மூண்டாவது நீங்கள் எண்டோடன அண்டைக்குத்தான் நல்லா நித்திரை கொண்டனான்.” அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவுடன் தில்லையம்பலத்துக்கு உள்ளே ஏதோ இறுகிப் பூட்டிக்கொண்டது. எங்கட ஆள் என்ற அந்த உரிமை. அவள் போன பிறகும் அந்த உரிமை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. கதைதானே, எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது, தகப்பன் இல்லாத கதைக்கு ஓர் எழுத்து, வீடு எரிந்த கதைக்கு ஓர் எழுத்து என்று போட்டுக்கொண்டே போனால் இந்தப் பகுதியில் பி எடுக்கிற தமிழ்ப் பிள்ளையே இருக்காது.

பணியாரத்தை அவர்தான் சாப்பிட்டார். நல்ல பணியாரம், வாயில் வைத்ததும் கரைந்தது, டப்பா முடிகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிட்டார், வதனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டாள், “அந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்தைப் போட்டா உங்கட கை முறிஞ்சு போமே?” அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. “உது உமக்கு விளங்காத விசயம்.” “எனக்கு என்ன விளங்கேல்ல? எங்கட ஆரணிக்கு அந்த மனிசி போட்டுக் குடுக்கேல்லையே?” “அது வேறை.” “என்ன வேறை?” “அது வேறை எண்டால் வேறை.” வதனி டப்பாவைக் கழுவப் போய்விட்டாள், தண்ணீர்ச் சத்தம் வழக்கத்தை விடக் கூடக் கேட்டது. இந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய நினைவு எப்போதும் ஓரத்தால் சுற்றிப் போகும், குழியைக் கண்ட கார் மாதிரி. இன்றைக்கு மண்டபம் இவ்வளவு அமைதியாக இருக்கிறது, சுற்றிப் போக வேறு வழியும் இல்லை. அது வேறை. என்ன வேறை. ஆரணி வேறு பள்ளிக்கூடத்தில் படித்தாள், அங்கே மிஸிஸ் ஹேல் என்று ஒரு கிழவி உயிரியல் படிப்பித்தாள், ஆரணிக்கு பி என்று முடிவு கட்டியிருந்தாள். தில்லையம்பலம் அன்று அரை நாள் லீவு போட்டார், கோட் போட்டார், ஒரு பெட்டி சொக்லேட் வாங்கினார், அந்தப் பள்ளிக்கூட நடைபாதையில் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுகிற கட்டைக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார். அவரும் ஆசிரியர்தான், நியாயமாக இரண்டு ஆசிரியர்கள் கதைக்கிற மாதிரிக் கதைக்கத்தான் போனார், வாயைத் திறந்ததும் வந்தது வேறு. என் பிள்ளை செய்துவிடுவாள், எனக்குத் தெரியும், தயவுசெய்து, எனக்கு ஒரே பிள்ளை, தயவுசெய்து. தயவுசெய்து என்று எத்தனை தரம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கிழவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், சரி என்றாள், அவ்வளவுதான், அவருக்கு முன்னாலேயே எழுத்தை மாற்றினாள், சொக்லேட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காருக்குள் வந்து இருந்து அவர் அழுதார். அன்றைக்கு அதற்கு அவர் வைத்த பெயர் நீதி.

தலையை நிமிர்த்தியபோது இரண்டு கைகள் உயர்ந்திருந்தன. சாருகாவின் கை முதலில் உயர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் அதைத் தாங்கிப் பிடிக்க மற்றக் கையை முழங்கைக்குக் கீழே கொடுத்திருந்தாள். தியோ தோர்ன்டன் இரண்டு விரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். அவர் தியோவிடம் போனார். பேனா நின்றுவிட்டதாம். அவர் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார், நல்ல பேனா, ஆரணி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது, தியோ அதைப் பார்க்காமல் வாங்கி எழுதத் தொடங்கினான். பிறகு அவர் முன்மேசைக்குப் போனார், தாள் எடுத்தார், நின்றார், மணிக்கூட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், இதெல்லாம் தேவையில்லாத வேலை என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் செய்தார், ஒரு பிள்ளையைக் கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடி வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. மேலதிகத் தாளை அவளுடைய மேசையில் வைத்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, உதட்டை அசைத்து, சத்தமே வராமல் “நன்றி சேர்” என்றாள். தமிழில். “நோ டோக்கிங்” என்றார் அவர். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவளுடைய காது இரண்டும் சிவந்தன. அவர் போகாமல் அவளுக்குப் பின்னால் நின்றார். அமிலத்துக்குள் எவ்வளவு காரம் விட்டால் எங்கே நிறம் மாறும் என்ற கணக்கு, அவர் வேண்டுமென்றே ஒரு பொறி வைத்து எழுதிய கேள்வி, வகுப்பில் பாதி அதில் விழும். அவள் விழுந்தாள். பிறகு நின்றாள், பேனாவை உதட்டில் வைத்தாள், முழுவதையும் ஒரே கோட்டால் வெட்டினாள், பக்கத்தில் புதிதாகத் தொடங்கினாள், சரியான வழியால் போய்ச் சரியான விடைக்கு வந்து சேர்ந்தாள். அலகு எழுத மறந்திருப்பாள் என்று பார்த்தார். அலகும் எழுதியிருந்தாள். கூரை என்றாரே, அந்தக் கூரை எங்கே. பக்கத்து மேசையில் தியோ அதே பொறிக்குள் சுகமாக விழுந்து, வெளியே வரவேண்டும் என்ற கவலையே இல்லாமல், அடுத்த கேள்விக்குப் போயிருந்தான். சந்தோசப்பட வேண்டும். படிப்பிக்கிற மனிதனுக்கு இதை விட என்ன வேண்டும். தில்லையம்பலத்துக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தத் தாளை நாளைக்குத்தான் திருத்துவது, எழுத்து இன்றைக்குப் போடுவது, இது கணக்கில் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். தான் பார்த்ததும் கணக்கில் வராது. கண்ணால் கண்டதற்கு இன்னும் புள்ளி போடவில்லையே.

கதவு மெல்லத் திறந்தது. மிஸ் டோபின் கால்விரலில் நடந்து வந்தாள், கையில் கோப்பை, கழுத்தில் சாவிக்கொத்து, அவருடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து, எல்லா எழுத்தும் வந்துவிட்டது, உங்கள் ஒன்றுதான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். திரையைப் பார்த்தாள். ஓ, சாருகாவா? நல்ல பிள்ளை. எல்லைக்கோட்டில் நிற்கிறாள் இல்லையா? நான் என்றால் ஏ போட்டுவிடுவேன், இந்த வருடம் எல்லாரும் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுகிறார்கள். போடுவேன் என்கிறாள். கசினா என்று கேட்டவளே போடு என்கிறாள். ஓம் என்று தலையை அசைத்தால் போதும், கைகூட வேண்டாம், அவளே குனிந்து தட்டிவிட்டுப் போய்விடுவாள். யோகமலர் இன்றிரவும் நல்லாக நித்திரை கொள்வாள். அவர் வாயைத் திறந்தார், உள்ளே இருந்து வந்த குரல் நிதானமாக இருந்தது, நேர்மையாக இருந்தது, மிக நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு இந்தக் குடும்பங்களைத் தெரியும், என்றது அந்தக் குரல். பிள்ளைகளை முறுக்கி முறுக்கி இவ்வளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே போய்த் தாங்கமாட்டார்கள். பி என்பதுதான் உண்மை. மிஸ் டோபின் அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது என்று அவர் நினைத்தார், இத்தனை வருடம் ஏங்கியது அதற்குத்தான். சரி, அவளை உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கசினா என்று அவள் கேட்கவில்லை. அவரை எல்லாரையும் போல நடத்திவிட்டாள். அந்தச் சந்தோசம் உடம்பெல்லாம் பரவி, கால்விரல் வரைக்கும் போய், அங்கே நின்று குளிர்ந்தது.

தாங்கமாட்டார்கள். அந்தச் சொல்லை எங்கே இருந்து எடுத்தார். போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் ஆரணி அழுதாள். மருத்துவப் படிப்பில் கடைசி வருடம், திங்கட்கிழமை கடைசிச் சோதனை, ஏற்கெனவே ஒரு வருடத்தை இரண்டாம் தரம் படித்து வந்தவள், அதை ஊரில் யாருக்கும் அவர் சொல்லவில்லை, வேறு ஒரு ஆராய்ச்சி செய்கிறாள் என்று கோயிலில் சொல்லி வைத்திருக்கிறார். “அப்பா, எனக்கு ஒண்டும் மனசில நிக்குதில்லை. வாசிக்கிறன், வாசிக்கிறன், பக்கத்தைத் திருப்பினவுடன போயிடுது. மற்றப் பிள்ளையள் எல்லாம் சும்மா சிரிச்சுக்கொண்டு திரியினம். நான் இஞ்ச வந்திருக்கக் கூடாது அப்பா.” அவர் என்ன சொன்னார்? “உனக்கு எல்லாம் வரும்” என்றார். நான்தான் உன்னை அங்கே தள்ளினேன், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்து தள்ளினேன் என்று சொல்லவில்லை. அப்படியென்றால் இது இரக்கம்தானே, சாருகாவுக்கு இதெல்லாம் வராமல் காப்பாற்றுகிற இரக்கம், அவள் வேறு ஏதாவது படிக்கட்டும், மருந்தகப் படிப்பு, கண் பார்த்துக் கண்ணாடி எழுதுகிற படிப்பு, நல்ல சம்பளம். இரக்கம் என்று நினைத்ததும் மனம் கொஞ்சம் இளைப்பாறியது, உடனே அடுத்த நினைவு வந்து அந்தக் கதிரையை இழுத்துவிட்டது. ஏனென்றால் அவள் தாங்குவாள். வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாளே, கண்ணால் கண்டாரே, ஆரணி ஒரு நாளும் அப்படி வெட்டியவள் அல்ல, பிழையைக் கண்டால் பேனாவை வைத்துவிட்டு அழுகிறவள். சாருகா போவாள், படிப்பாள், ஒரே மூச்சில் முடிப்பாள், ஒரு நாள் யோகமலர் வலைத்தொப்பித் தழும்போடு கோயில் மண்டபத்தில் பக்கத்தில் வந்து இருந்து, “சேர், என்ர மகள் டொக்டராகிட்டாள், உங்கட மகள் எப்பிடி?” என்று கேட்பாள். கேட்பாள். மனதில் ஒன்றும் வைக்காமல்தான் கேட்பாள். யாழ்ப்பாணத்தில் அவருக்கும் மருத்துவம் தவறியது, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, தன்னைவிடக் குறைய எடுத்தவன் மாவட்ட ஒதுக்கீட்டில் வேறு மாவட்டத்தால் உள்ளே போனதை வேலியில் சாய்ந்து நின்று பார்த்தவர், அந்தக் கொஞ்சம் கீழே என்பதன் ருசி அவருக்குத் தெரியும். தெரிந்தவன் இன்னொருத்திக்கு அதைக் கொடுக்க மாட்டான் என்று யார் சொன்னது. அதைக் கொடுக்கத் தெரிந்தவன் அவன்தானே. பொறாமை. பேர் சொன்னால் அவ்வளவுதான், ஒரு சின்னச் சொல். சாப்பாடு பொதி செய்கிற ஒருத்தியின் மகள் மேல் பொறாமை.

“நேரம் முடிந்தது, பேனாவை வையுங்கள்” என்றார் ஆங்கிலத்தில். சத்தம் கிளம்பியது, கதிரைகள் இழுபட்டன, வரிசை வரிசையாக வந்து தாளை வைத்துவிட்டுப் போனார்கள். தியோ தோர்ன்டன் தாளை மேசையில் எறிகிற மாதிரி வைத்தான், பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டான், அதைத் திருப்பிக் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. சாருகா போகவில்லை. எல்லாரும் போகிற வரைக்கும் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றாள், பிறகு வந்தாள், தாளை இரண்டு கையாலும் வைத்தாள். முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள், சொல் வராமல் தமிழுக்கு மாறினாள். “சேர், அம்மா ஒண்டு கேக்கச் சொன்னவ... ஒவ்வொரு வெள்ளியும் கோயில்ல எனக்கு அருச்சனை செய்யிறவ. இந்த வெள்ளி உங்கட பேருக்கும் செய்யப் போறாவாம். பேர் தெரியும், நட்சத்திரம் தெரியாதாம். ஐயருக்கு நட்சத்திரம் சொல்லவேணும் தானே. உங்கட நட்சத்திரம் என்ன, சேர்?” கேட்டுவிட்டு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பக்கம் திரும்பியிருந்த திரையில் வெறும் கட்டம், அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. தில்லையம்பலம் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இந்தச் சுவர்களுக்குள் கன வருடமாக வாயில் வராத மொழி, வந்தபோது சரளமாக வந்தது.

“எனக்கு வேண்டாம் பிள்ளை. என்ர மகளின்ர பேருக்குச் செய்யச் சொல்லு.” “ஓம் சேர். பேர்?” “ஆரணி. உத்தரட்டாதி நட்சத்திரம். திங்கட்கிழமை அவவுக்குக் கடைசிச் சோதனை. பாஸ் பண்ணவேணும் எண்டு நல்லாக் கும்பிடச் சொல்லு அம்மாவை.” சாருகா பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, இடது கையின் பின்பக்கத்தில் எழுதினாள், ஆரணி என்றும் அதன் கீழே உத்தரட்டாதி என்றும், ஆங்கில எழுத்தில்தான், அவளுக்கு அந்த எழுத்துத்தான் வரும். “அக்கா என்ன படிக்கிறா, சேர்?” “மெடிசின்.” அவளுடைய முகம் மலர்ந்தது. “உண்மையாவோ? அவவுக்கும் நீங்களே படிப்பிச்சனீங்கள்? நீங்களே பிரெடிக்டட் கிரேட் போட்டனீங்கள்?” “இல்லை” என்றார் அவர். “அது வேறை பள்ளிக்கூடம்.” “அம்மா கட்டாயம் செய்வா, சேர். நேர்ந்து கூடச் செய்வா. அவ கும்பிட்டா நடக்கும்.” அவள் பையைத் தோளில் போட்டாள், கையில் எழுதிய மை அழிந்துவிடாமல் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். தில்லையம்பலம் மேசைக்கு முன் உட்கார்ந்தார். பி என்ற எழுத்தைத் தட்டினார். கட்டம் நிரம்பியது, மின்னிக்கொண்டிருந்த கோடு நின்றது, உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று கணினி ஒரு தரம் கேட்டது. “ஓம்” என்றார் அவர், வாய்விட்டு, தமிழில்.